அரிப்பு டொரிக்: முத்து வாணிபத்தின் எஞ்சிய சுவர்கள்

மல்லாவியிலிருந்து துணுக்காய் ஊடாக மேற்கே போகும் வீதி வெள்ளாங்குளத்தில் மன்னார்–பூநகரி வீதியோடு சேர்கிறது. அங்கிருந்து தெற்கே திரும்பி இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு கடந்து, வங்காலைப் பக்கமாகக் கரையோரம் பிடித்தால் அருவியாறு கடலில் விழும் பகுதிக்கு வந்துவிடலாம். ஆற்றைத் தாண்டினால் அரிப்பு. ஊரின் கரையில், கடல் அரித்த செம்மண் மேட்டின் விளிம்பில், சில செங்கற் சுவர்களும் உடைந்த தூண்களும் நிற்கின்றன. ஊரார் அதை அல்லிராணி கோட்டை என்கிறார்கள். பழைய ஆங்கிலப் பதிவுகளிலும் கடல் வரைபடங்களிலும் அதன் பெயர் டொரிக்.

பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு கதைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். ஒன்று, அல்லி அரசாணியின் மாளிகை. மற்றது, ஒரு பிரித்தானிய ஆளுநர் கடற்காற்று வாங்கக் கட்டிய பங்களா. இரண்டுமே இந்தக் கட்டடத்தை அதன் தொழிலிலிருந்து பிரித்துவிடுகின்றன. டொரிக் ஒரு வாணிபத்துக்காக எழுந்த கட்டடம். மன்னார்க் கடலின் முத்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதை அரசாங்கம் கிட்ட இருந்து பார்ப்பதற்காகவே அது அந்த இடத்தில் கட்டப்பட்டது. சுற்றியிருந்த சந்தை முழுவதும் கிடுகாலும் கம்பாலும் ஆனதால் மறைந்துபோயிற்று. செங்கல் மட்டும் மிஞ்சியது. மிஞ்சிய செங்கல்லை வைத்து மறைந்த சந்தையை வாசிக்க முயல்வதே இக்கட்டுரை.

ஆற்றிலிருந்து தொடங்க வேண்டும். சிங்களத்தில் மல்வத்து ஓயா என்று அழைக்கப்படும் அருவியாறு ஏறத்தாழ 164 கிலோமீற்றர் நீளமானது. இலங்கையின் இரண்டாவது நீண்ட ஆறு. அநுராதபுரத்தைத் தொட்டுக்கொண்டு வடமேற்காக ஓடி வரும் அதன் நீரைத் தேக்கம் என்ற பழைய அணையில் மறித்துத்தான் கட்டுக்கரைக்குளத்துக்குத் திருப்பினார்கள். மன்னார்ப் பெருநிலத்தின் நெல்லுக்கு அதுவே ஆதாரம். வவுனிக்குளத்தையும் பாலியாற்றையும் நம்பி வாழும் எங்கள் மல்லாவிப் பக்கத்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்: ஆறு குளத்துக்கு, குளம் வயலுக்கு. ஆனால் அருவியாற்றுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. உள்நாட்டையும் கடலையும் இணைத்த வழி அது. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டுக் கிடந்த ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ், தோழர் ஸ்டீபன் ரட்லண்டுடன் தப்பி, அநுராதபுரத்துக்குக் கீழே இந்த ஆற்றங்கரைக் காட்டைப் பிடித்து நடந்து, 1679 ஒக்டோபர் 18ஆம் திகதி வந்து சேர்ந்த இடம் அரிப்பு. அங்கே ஒல்லாந்தரின் சிறிய கோட்டை ஒன்று இருந்தது. போர்த்துக்கேயர் காலத்துக் காவலரணை ஒல்லாந்தர் எடுத்துக்கொண்டது அது. அதன் எச்சங்களும் இன்று டொரிக்குக்கு அருகிலேயே உள்ளன.

ஆளரவம் குறைந்த அந்தக் கரையில் ஐரோப்பியர் கோட்டை வைத்ததற்குக் காரணம் கடலுக்குள் இருந்தது. அரிப்பு, சிலாவத்துறை, கொண்டைச்சி, மறிச்சுக்கட்டிக் கரைகளுக்கு எதிரே, ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் தூரம் வரையில், ஆழம் குறைந்த கடலடியில் பாறைத் திட்டுகள் பரவிக் கிடக்கின்றன. பார் என்பது அவற்றின் பெயர். முத்துச்சிப்பி ஒட்டி வளர்வது பார்களில்தான். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம். மூச்சடக்கிப் போய் வரக்கூடிய தூரம்.

இந்த வாணிபம் பிரித்தானியரோடு தொடங்கியதல்ல. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட கடலில் நடந்த முத்துக்குளிப்பை மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் விவரித்திருக்கிறார். வணிகர்கள் கூட்டுச் சேர்ந்து படகு எடுப்பது, சித்திரையை ஒட்டிய குறுகிய பருவம், அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறாவைக் கட்டும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு என்று அவர் சொல்லும் ஒழுங்கு, அரசின் பங்கின் அளவு நீங்கலாக, அறுநூறு ஆண்டுகளுக்குப் பிந்திய அரசாங்க அறிக்கைகளில் வரும் ஒழுங்கிலிருந்து பெரிதும் விலகவில்லை. 1344இல் வந்த இபன் பதூதா புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியின் முன்னால் முத்துக் குவியலைக் கண்டதாக எழுதினார். யாழ்ப்பாண அரசின் செல்வத்தில் இந்தக் கடலுக்கு இருந்த பங்கை அந்த ஒரு காட்சியே சொல்லிவிடுகிறது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்ததிலும், 1658இல் ஒல்லாந்தர் அதை அவர்களிடமிருந்து பறித்ததிலும் முத்துக்கு இருந்த இடத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது.

1795இல் பிரித்தானியர் வந்தார்கள். ஒல்லாந்தர் காலத்தின் கடைசிப் பகுதியில் நெடுநாள் குளிப்பு நடக்காததால் பார்களில் சிப்பி முற்றிக் கிடந்தது. 1796, 1797, 1798 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் அள்ளினார்கள். பிடித்த தீவைக் காப்பதற்கான படைச்செலவை அந்த வருமானம் பெருமளவு தாங்கியது. அதன் பிறகு பார்கள் வெறுமையாயின. அந்த நேரத்தில்தான், 1798இல், பிரெடெரிக் நோர்த் முதல் பிரித்தானிய ஆளுநராக வந்தார். 1802இல் இலங்கை கிழக்கிந்தியக் கம்பனியின் கையை விட்டு முற்றாக முடிக்குரிய குடியேற்ற நாடாகியது. தன் செலவைத் தானே பார்க்க வேண்டிய நிலை. முத்து வருமானம் ஒரு ஆளுநர் நேரில் வந்து இருக்க வேண்டிய அளவுக்கு முக்கியமானதாக இருந்தது. 1801க்கும் 1804க்கும் இடையில் டொரிக் எழுந்த சூழல் இதுதான்.

நோர்த், அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்தபோது பிரித்தானியாவின் பிரதமராக இருந்த நோர்த் பிரபுவின் மகன். அதைவிட இங்கே பொருந்துவது அவருடைய கிரேக்கப் பற்று. இளமையிலேயே கிரேக்கத் தீவுகளுக்குப் போய், கோர்பூவில் கிரேக்க மரபுவழித் திருச்சபையில் சேர்ந்தவர். இலங்கையை விட்டுப் போன பிறகு, 1824இல், அதே கோர்பூவில் அயோனியக் கல்விக்கழகத்தை நிறுவியவர். அரிப்பின் வீட்டை அவரே வரைந்தார். கிரேக்கத் தூண் மரபுகளில் மிகப் பழையதும் அலங்காரம் குறைந்ததுமான டொரிக் முறையை எடுத்துக்கொண்டார். இங்கிலாந்திலேயே அப்போதுதான் கட்டடக்காரர்கள் அந்தப் பாணியைக் கையில் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அது மன்னார்க் கரைக்கு வந்து சேர்ந்த வேகம் எனக்கு இன்னமும் வியப்புத்தான்.

ஆனால் மன்னார்க் கரையில் பளிங்கு ஏது? கிட்டப்போய்ப் பார்த்தால் தூண்களின் உள் தெரியும். செங்கல்லை வட்டமாக அடுக்கி, மேலே தடித்த சுண்ணாம்புச் சாந்து பூசி உருட்டியிருக்கிறார்கள். சாந்து உதிர்ந்த இடத்தில் செங்கல் வரிகள் பல்லிளிக்கின்றன. உதிராத இடத்தில் இருநூறு ஆண்டு உப்புக்காற்றுக்குப் பிறகும் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கிறது. சுண்ணாம்பு வந்தது முத்துச்சிப்பி ஓட்டிலிருந்து என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. முத்து எடுத்த பின் மலையாகக் கிடந்த ஓடு அந்தக் கரையில் வேறெந்தக் கட்டடப் பொருளையும்விட மலிவு என்பதை நினைத்தால் அது நம்பக்கூடியதே. வாணிபத்தின் கழிவை எரித்து நீற்றி, அந்த வாணிபத்தை ஆளும் வீட்டுக்குப் பூசியிருக்கிறார்கள். கைப்பழக்கம் நம்முடைய கொத்தர்களுடையது. வரைபடம் நோர்த்தினுடையதாக இருக்கலாம். உருளைத் தூணுக்குச் செங்கல் அடுக்கும் வித்தையும், சாந்தைப் பளிங்குபோல் தேய்த்து எடுக்கும் வித்தையும் தென்னிந்திய, இலங்கைக் கொத்துவேலையில் ஏற்கெனவே இருந்தவை.

1799 முதல் 1804 வரை தீவில் பாதிரியாராகப் பணியாற்றிய ஜேம்ஸ் கோர்டினர் 1807இல் வெளியிட்ட நூலில் டொரிக்கை விவரித்து, தீவிலேயே அழகான கட்டடம் என்று மெச்சினார். இரண்டு மாடி, அளவில் சிறிய அறைகள், மேலே தட்டையான மொட்டைமாடி. ஆடம்பரமாக வாழ்வதற்கான வீடு இல்லை. அறைகளைச் சிறிதாக்கி, செலவையும் உயரத்தையும் மொட்டைமாடிக்குக் கொடுத்திருப்பதிலிருந்தே கட்டியவரின் நோக்கத்தை ஊகிக்கலாம். தெளிந்த நாளில் அங்கே நின்றால் பார்களிலிருந்து திரும்பும் பாய்கள் தெரியும். கடலிலிருந்து பார்த்தாலும் அப்படித்தான்: தட்டையான, அடையாளமற்ற அந்தக் கரையில் வெள்ளைச் சாந்து பூசிய டொரிக் ஒன்றே கண்ணுக்குத் தெளிவாகப் பிடிபடும் குறி. நோர்த் போன பிறகு நெடுங்காலம் அதன் உண்மையான பயன் இதுவே. பார்கள் எங்கே இருக்கின்றன என்பதைக் குறிக்க டொரிக்கிலிருந்து திசையும் தூரமும் கணக்கிட்டார்கள். நீருக்கடியில் கிடக்கும் அரசாங்கச் சொத்துக்கு எல்லைக்கல் அது.

கிடுகுப் பட்டினம்

முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டால், இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அமைதியான வாரங்களில், மாசி பங்குனியில், வெறுங்கரையில் ஒரு பட்டினம் முளைக்கும். கச்சேரிக் கொட்டகை, நீதிமன்றம், மருத்துவமனை, தபால் கந்தோர், சந்தை, பள்ளிவாசல், பொலிஸ் காவல் எல்லாமே கிடுகு, கம்பு, மணல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறிச்சுக்கட்டியில் இப்படி எழுந்த பட்டினத்தில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். கீழக்கரையிலிருந்து முஸ்லிம் குளியாட்கள், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பரதவர், யாழ்ப்பாணத்தார், மன்னாரார், பாரசீகக் குடாவிலிருந்து அராபியர். வாங்குவதற்குச் செட்டிமார், காயல்பட்டின மரைக்காயர்மார், பம்பாய் வணிகர்.

ஒரு நாளின் வேலை இப்படி நடந்தது. நள்ளிரவை ஒட்டி வெடிக்கும் பீரங்கிச் சத்தத்தோடு படகுகள் கரைக்காற்றைப் பிடித்துப் புறப்படும். படகுக்குச் சம்மாட்டி உரியவர், தண்டல் ஓட்டுவார். விடியும்போது பாருக்கு மேல் நிற்பார்கள். குளியாள் கல் கட்டிய கயிற்றில் காலை நுழைத்து, வலைக்கூடையோடு இறங்குவான். அராபியர் கொம்பால் செய்த கவ்வியை மூக்கில் மாட்டுவார்கள்; நம்மவர்கள் விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். ஒரு நிமிடம், சற்றுக் கூடக் குறைய. கைக்கு அகப்பட்டதை அள்ளிக் கயிற்றை அசைத்தால் மேலே நிற்பவர் இழுப்பார். இருவர் மாறி மாறி, நண்பகல் வரை. பிறகு கடற்காற்று அவர்களைக் கரைக்குத் தள்ளிவரும்.

கரையில் கொட்டு என்று அழைக்கப்பட்ட பெரிய வேலியடைப்பு இருக்கும். உள்ளே சதுரம் சதுரமாகப் பிரித்த இடங்கள். ஒவ்வொரு படகின் குளியாட்களும் தங்கள் சிப்பியைத் தாங்களே மூன்று குவியலாகப் பிரித்து வைப்பார்கள். அதிகாரி வந்து அவற்றில் தான் விரும்பிய இரண்டைத் தெரிவார், மூன்றாவது குளியாட்களுக்கு. எதை எடுப்பார் என்று முன்கூட்டியே தெரியாததால் குவியல்கள் சரிசமமாக இருக்கும். கணக்கப்பிள்ளைகளின் படையே வேண்டாத ஒரு நல்ல பொறிமுறை. ஆனால் கணக்கின் நேர்மை வேறு, பங்கின் நியாயம் வேறு. மூச்சைப் பணயம் வைத்தவர்களுக்கு மூன்றில் ஒன்று. அதையும் குளியாட்களும் கயிறு பிடித்தவர்களும் படகுக்காரரும் பங்கிட வேண்டும். அரசாங்கம் கடலில் கால் நனைக்காமல் மூன்றில் இரண்டை எடுத்துக்கொண்டது. அந்தக் குவியல்களைக் கடந்து ஒரு வெள்ளைத் தூண் வரிசையைப் பார்க்கும் குளியாளுக்கு, அது யாருடைய கரை என்பதில் ஐயம் இருந்திராது.

மாலையில் அரசாங்கப் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் போகும். வாங்குபவருக்கு உள்ளே முத்து உண்டா என்று தெரியாது. வாங்கிய சிப்பியைக் குவித்து ஒரு வாரம்வரை அழுக விடுவார்கள். சதை கரைந்ததும் வள்ளத்தில் கொட்டிக் கடல்நீர் விட்டுக் கழுவி அடிமணலைத் துழாவுவார்கள். நாற்றத்தையும் இலையானையும் பற்றி எழுதாத பயணி இல்லை. வாந்திபேதி வந்து முகாம் இடையில் கலைந்த ஆண்டுகளும் உண்டு. கிடைத்த முத்தைத் தரம் பிரிக்கும் முறைதான் இந்த வாணிபத்தின் மூளை. பத்துப் பித்தளைச் சல்லடைக் கிண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கியிருக்கும். முதலாவதில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1,000. துளை கூடக் கூட அது சிறிதாகும். எந்தக் கிண்ணத்தில் தங்குகிறதோ அது முத்தின் அளவு. பிறகு கண்ணும் விரலும் உருண்டையையும் ஒளியையும் பார்த்து ஆணி, வடிவு, மடங்கு, குறுவல், தூள் என்று வகுக்கும். மஞ்சாடி, கழஞ்சு என்று நிறுத்து, விலை பேசும்போது துணிக்கடியில் விரலைத் தொட்டுத் தொட்டுக் கணக்குச் சொல்வார்கள். ஆளுநர் மாளிகையில் இருந்த எவருக்கும் இந்த அறிவு இல்லை. அரசாங்கம் சிப்பியை விற்றது. முத்தை மதித்தவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசிய வணிகர்கள்.

சுறாவுக்கும் ஒரு செலவு உண்டு. கடல்கட்டி என்ற மந்திரக்காரர் கரையில் நின்று மந்திரிக்காவிட்டால் குளியாட்கள் இறங்க மாட்டார்கள். பிரித்தானிய அரசாங்கம் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இதற்கு ஊதியம் கொடுத்தது. அந்தப் பதவி ஒரே குடும்பத்தில் வழிவழியாக வந்தது. அதில் ஒருவர் கத்தோலிக்கராக இருந்துகொண்டே பழைய மந்திரத்தைச் சொன்னதையும், அதனால் அதன் பலன் குறைந்ததாகக் குளியாட்கள் எவரும் கருதாததையும் அக்கால அதிகாரிகள் குறித்து வைத்தார்கள். மன்னார்க் கரையின் சமயங்கள் ஒன்றையொன்று எப்படித் தாங்கின என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

பார் வெறுமையானபோது

முத்து ஆண்டுதோறும் விளையும் பயிரல்ல. சிப்பிக் குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து வந்து பாரில் ஒட்ட வேண்டும். மணல் மூடாமல், திருக்கையும் பிற மீன்களும் தின்னாமல் நாலைந்து ஆண்டு தப்ப வேண்டும். தப்பாத காலங்களில் தசாப்தக் கணக்கில் குளிப்பு நடக்கவில்லை: 1838 முதல் 1854 வரை இல்லை, 1864 முதல் 1873 வரை இல்லை, 1892 முதல் 1902 வரை இல்லை. முத்துப்பார்களை மேற்பார்த்த ஜேம்ஸ் ஸ்டுவர்ட் 1843இலேயே இதைப்பற்றி நூல் எழுதினார். யாழ்ப்பாணத்து அரசாங்க அதிபராக நெடுங்காலம் இருந்த துவைனந்துரை, ஓய்வுபெற்ற பின்னரும் முத்துப்பாரைப் பற்றி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மனும் ஜேம்ஸ் ஹோர்னலும் வந்து கடலடியை ஆராய்ந்தார்கள். ஒரு நாடாப்புழுவின் குடம்பியே முத்துக்குக் கரு என்ற ஹேர்ட்மனின் கருத்து அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது, பின்னர் நிலைக்கவில்லை.

இந்தத் தொடர் வெறுமைதான் டொரிக்கைச் சிதைத்தது என்று நினைக்கிறேன். ஆள வேண்டிய சந்தை பத்து, பதினைந்து ஆண்டுகள் கூடாத இடத்தில் ஒரு வீட்டைப் பராமரிக்க எந்த அரசாங்கமும் காசு ஒதுக்காது. சந்தை கூடிய ஆண்டுகளிலும் அதன் முகாம் இடம் மாறிக்கொண்டிருந்தது; பின்னாளில் தெற்கே மறிச்சுக்கட்டிக்குப் போயிற்று. கிடுகுப் பட்டினம் சிப்பி இருக்கும் பக்கம் நகரும், செங்கல் நகராது.

1905இல் கடைசிப் பெருவிளைச்சல். 300க்கும் மேற்பட்ட படகுகள், ஏறத்தாழ 5,000 குளியாட்கள், எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பி, அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல். அந்த வெற்றியில் மயங்கிய ஒரு பிரித்தானியக் கம்பனி, இலங்கை முத்துக்குளிப்பாளர் கம்பனி, 1906இல் பார்களை இருபது ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. ஆண்டுக்கு 3,10,000 ரூபா. இருபது ஆண்டுக்கும் சேர்த்தால் 62 இலட்சம். 1905 போன்ற மூன்று பருவம் கிடைத்தால் குத்தகைப் பணம் திரும்பி, மேலே இலாபம். காகிதத்தில் பிழையில்லாத கணக்கு. 1907க்குப் பின் நெடுங்காலம் பாரில் சிப்பி இல்லை. குத்தகைக் காலம் முடிய முன்பே கம்பனி விலகியது. நிலத்து மனிதர்கள் கடலுக்குக் குத்தகைக் கணக்குப் போட்டதன் விளைவு அது. குளம் வற்றும், நிரம்பும் என்று தெரிந்த வன்னி விவசாயி ஒருவரிடம் கேட்டிருந்தால்கூட அந்தக் கணக்கின் ஓட்டையைக் காட்டியிருப்பார்.

1906இன் முகாமில் கொட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் இருபத்தைந்து வயது லெனார்ட் வூல்ஃப். பின்னாளில் எழுத்தாளராகவும் வெர்ஜீனியா வூல்ஃபின் கணவராகவும் உலகம் அறிந்தவர். அந்த அனுபவத்தைத் தன் வரலாற்றிலும் ஒரு சிறுகதையிலும் எழுதினார். பல்லாயிரம் பேர் கூடிய கரையில் ஒழுங்கு நின்றதற்கு ஒருசில வெள்ளை அதிகாரிகள் காரணமல்ல, அந்த மக்களே காரணம் என்பது அவர் எழுத்திலிருந்து தெரிகிறது. அவருக்கு நாற்பது ஆண்டுக்கு முன்பே, 1863இல், பாரிஸில் பிசே இசையமைத்த முத்துக்குளிப்போர் பற்றிய இசைநாடகம் அரங்கேறியிருந்தது. கதை நடப்பது இலங்கையில். அதில் காதல் உண்டு, கோவில் உண்டு. கொட்டும் மூன்று குவியலும் இல்லை.

முத்தின் விலை எவ்வளவு உயரத்தில் நின்றது என்பதற்கும் ஒரு கட்டடமே சாட்சி. நியூயோர்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில் உள்ள மாளிகை ஒன்றை 1917இல் கார்ட்டியே நகைக்கடை வாங்கியது. கொடுத்த விலை, பத்து இலட்சம் டொலர் பெறுமதி சொல்லப்பட்ட இரட்டைச்சர முத்துமாலையும் நூறு டொலரும். அடுத்த சில ஆண்டுகளில் யப்பானின் மிக்கிமோட்டோ வளர்ப்பு முத்துகள் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தன. விலை சரிந்தது. மன்னாரில் 1925இல் ஒரு குளிப்பு நடந்தது. அதோடு பீரங்கிச் சத்தம் ஓய்ந்தது.

சுவர்களின் பிந்திய வாழ்வு

அதன் பின் டொரிக்குக்கு இரண்டு எதிரிகள். ஒன்று கடல். கட்டியபோது கரைக்கும் சுவருக்கும் இடையில் இருந்த நிலத்தை அலை தின்றுவிட்டது. கட்டடத்தின் பகுதிகளும் மேட்டோடு சரிந்து விழுந்திருக்கின்றன. மற்றது, கண்வைத்துப் பார்க்க ஆளில்லாமை. இந்தக் கரையோர முசலிப் பகுதியின் முஸ்லிம் மக்கள், முத்துக்குளிப்பின் நினைவைக் குடும்ப வழியாகச் சுமந்திருக்கக்கூடியவர்கள், 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 2007 செப்டெம்பரில் சிலாவத்துறைப் பகுதியில் நடந்த இராணுவ நடவடிக்கையோடு எஞ்சியிருந்தவர்களும் அகன்றார்கள். ஊர் இல்லாத கரையில் கட்டடம் மட்டும் எப்படி நிற்கும்? திரும்பி வந்தவர்களுக்குக் காணியும் கிணறும் கூரையும்தான் முதல் கவலை. அதில் எந்தத் தவறும் இல்லை.

அல்லி கதையைப் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தமிழகத்தில் அல்லி மதுரையை ஆண்டவள். எங்கள் கரையில் அவள் குதிரைமலையில் இருந்து முத்துக்கடலை ஆண்டவள். செங்கற் சுவர் அவளுடையதல்ல, அது உறுதி. ஆனால் மக்கள் இந்த இடிபாட்டைப் பார்த்ததும் ஆளுநரை மறந்து, முத்துக்கு உரிமையுள்ள ஒரு தமிழ் அரசியை நினைத்ததில் ஒரு வரலாற்றுத் தெளிவு இருக்கிறது. வாணிபம் நோர்த்துக்கு மிக முந்தியது, அதன் உரிமை இந்தக் கரைக்கானது என்பதைத்தான் கதை தன் வழியில் சொல்கிறது. ஆகவே தகவற் பலகையில் இரண்டும் இருக்கட்டும், எது எது என்ற தெளிவோடு.

மல்லாவிக்காரர்களுக்குக் கிடுகுப் பட்டினம் என்பது நூலில் படித்த சங்கதி அல்ல. 1995இன் யாழ்ப்பாண இடப்பெயர்வும் 1996இல் கிளிநொச்சி விழுந்ததும் மல்லாவியை ஒரே வீச்சில் சந்தை நகரமாக்கின. கந்தோர்களும் கடைகளும் மருத்துவமனைப் பிரிவுகளும் கிடுகுக்கும் தறப்பாளுக்கும் கீழே இயங்கின. அந்த ஆண்டுகளில் வன்னியின் கொடுக்கல் வாங்கலில் பெரும்பங்கு இங்கே நடந்தது. 2008 செப்டெம்பரில் அது வெறிச்சோடியது. அந்தச் சந்தையில் எந்தக் கடை எங்கே இருந்தது, சாமான் எந்த வழியால் வந்தது, என்ன விலைக்குப் போனது என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். மறிச்சுக்கட்டிக்கு அப்படி யாரும் இல்லை. அதனாலேயே டொரிக்கை வெறும் தூண்களாகப் பார்க்க என்னால் முடியவில்லை. அதைச் சுற்றிக் கடை விரித்தவர்களைத்தான் கண் தேடுகிறது.

பாதுகாப்பு என்று பேசும்போது கட்டடத்தை மட்டும் வேலியடைத்துவிட்டால் போதாது. அரிப்புக் கோட்டை, டொரிக், சிலாவத்துறையிலிருந்து மறிச்சுக்கட்டி வரையான முகாம் நிலங்கள், கரையோரத்தில் புதைந்திருக்கும் ஓட்டுப் படைகள் ஆகிய எல்லாம் ஒரே வாணிபத்தின் உறுப்புகள். ஒரே இடமாகவே பதிய வேண்டும். சுவர்களைக் கடலிலிருந்து காப்பதற்கு அணைகல் போடுவதா, அணைகல் பக்கத்துக் கரையை இன்னும் அரிக்குமா என்பது கரையோரப் பொறியியலாளர்கள் சொல்ல வேண்டியது. ஆனால் அளவெடுப்பதற்கு எந்த அணைகல்லும் தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும் இந்தக் கரைக்கு ஒரு நாள் பயணத் தூரத்தில் இருக்கின்றன. மிஞ்சிய ஒவ்வொரு சுவரையும் தூண் அடியையும் வரைந்து, செங்கல்லின் நீள அகலம் எடுத்து, சாந்தின் மாதிரியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனால், சுண்ணாம்பு சிப்பியிலிருந்து வந்ததா கடற்கல்லிலிருந்து வந்ததா என்ற கேள்விக்கு முடிவு கிடைக்கும். அதே நாட்களில் அரிப்பு, சிலாவத்துறை, கொண்டைச்சி முதியவர்களிடம் பார்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். வடகீழ்ப் பருவம் தொடங்கிவிட்டால் அந்த மேட்டில் நின்று அளவெடுக்க முடியாது. ஆவணிக்குள் செய்ய வேண்டும்.